டீ ஐஸும் என் பகல் தூக்கமும்

எங்கள் தெருவுக்குள் இனி ஐஸ்காரர் நுழையக் கூடாது என்று எழுபத்தொன்பதாம் வருஷக் கத்திரி வெயிலில் ஒரு முடிவெடுத்தேன். புதுச்சேரியை விட்டுப் பிரெஞ்சுக்காரனை அனுப்ப முடிவெடுத்தவர்கள்கூட இவ்வளவு உறுதியாக இருந்திருக்க மாட்டார்கள். அவர்களாவது ராத்திரியில் தூங்கினார்கள். எனக்கு ராத்திரியே கிடையாது.

உப்பளத்தில், பழைய துறைமுகத்துப் பக்கம், மீனுக்கு ஐஸ் பார் போடும் கம்பெனி ஒன்று. அதில் எனக்கு ராத்திரி ஷிஃப்ட். ஊர் தூங்கும்போது நான் தண்ணீரைக் கல்லாக்குவேன். விடிந்ததும் ஊர் கூடி அந்தக் கல்லைக் கரைத்துத் தண்ணீராக்கும். மறுபடி நான் கல்லாக்குவேன். மனுஷப் பிறவியைப் பற்றி இதில் ஏதோ இருக்கிறது. யோசித்தால் துக்கம் வரும். அதனால் யோசிப்பதை நிறுத்திவிட்டு டீ போடுவேன்.

என் டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் கிடையாது. தூள் மட்டும் கைநிறைய. அடுப்பில் ஏற்றினால் அது கொதிக்காது, கோபப்படும். கரண்டியை நட்டால் அப்படியே நிற்கும். ஒருமுறை குழாய் ரிப்பேருக்கு வந்தவர் அரை டம்ளர் குடித்துவிட்டு, விடியும்வரை தன் கல்யாணச் சாப்பாட்டில் யார் யாருக்கு அப்பளம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டீயின் பலத்தில்தான் நான் விடிய விடிய விழித்திருப்பேன். வேலைக்கு நடுவே படிப்பேன். பழைய பேப்பர் கடையில் கிடைத்த பிரெஞ்சு அகராதி ஒன்று இருந்தது. பாதியோடு கிழிந்தது. 'எல்' எழுத்துக்கு மேல் பக்கம் இல்லை. ஆகையால் யாரைப் பார்த்தாலும் எனக்கு 'பொன்ழூர்' என்று வணக்கம் சொல்லத் தெரியும். 'மெர்சி' சொல்லத் தெரியாது. ஊரில் என்னை நன்றி கெட்டவன் என்று சிலர் சொல்வது இதனால்தான்.

காலையில் வீட்டுக்கு வந்து, பழையதைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். மதியம் என் மகள் வேம்புவும் மகன் பலராமனும் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்திலேயே சுருண்டுகொள்வார்கள். தெருவே கண்ணயரும். அப்போதுதான் வருவார் ஐஸ்காரர் தெய்வசிகாமணி. சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி. பெட்டியின் மூடியைத் தூக்கித் தூக்கிப் போடுவார்.

டமார்! டமார்!

பிள்ளைகள் எழுந்து அலறும். நாய் அலறும். எதிர்வீட்டு அஞ்சலாட்சியின் கைக்குழந்தை அலறும். கடைசியில் நான் அலறுவேன்.

"பேசாம பகல் ஷிஃப்ட் கேளுங்களேன்" என்பாள் என் மனைவி தனக்கொடி. கல்யாணமான நாளிலிருந்து இதே பல்லவி.

"முடியாது."

"ஏன் முடியாது?"

"ராத்திரியில ஒரு அமைதி இருக்கு தனம். அது உனக்குப் புரியாது."

"ஏன் புரியாது? நீங்க கிளம்பிப் போனதும் எனக்கும்தான் கிடைக்குது."

உண்மையைச் சொன்னால், பகல் ஷிஃப்டில் ஃபோர்மேன், கணக்குப்பிள்ளை, முதலாளியின் மச்சான் என்று மூன்று பேர் அதிகாரம் பண்ணுவார்கள். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் நாலாவது அதிகாரி வாசலிலேயே நிற்பாள். ராத்திரியில் நான் ஒருவன்தான் ராஜா. ஐஸ் பார் எதிர்த்துப் பேசாது.

"உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல படம் வரைஞ்சாளே, மறந்துட்டீங்களா?" என்றாள்.

மறக்கக்கூடியதா? 'என் குடும்பம்' என்று வரையச் சொல்லியிருக்கிறார்கள். வேம்பு அம்மாவை வரைந்தாள், தம்பியை வரைந்தாள். என்னை மட்டும் தலையோடு கால் வெள்ளைப் போர்வை போர்த்திப் படுக்க வைத்துவிட்டாள். படத்தைப் பார்த்த கன்னியாஸ்திரி அவளைக் கட்டிக்கொண்டு, "அப்பா எப்பம்மா தவறினாரு?" என்று கேட்டிருக்கிறார். இவளும் சும்மா இல்லாமல், "தினமும் காலையில, சிஸ்டர்" என்று சொல்லியிருக்கிறாள்.

"அதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு" என்றேன். "எனக்குப் பகல் தூக்கமே போதும். குறுக்கே நிக்கிறது அந்த ஐஸ்காரன் ஒருத்தன்தான். அவனை ஒழிச்சிட்டா அப்புறம் நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் ராத்திரி ஷிஃப்ட்தான். நீ வாயே திறக்கக் கூடாது. சம்மதமா?"

"பகல்ல தூங்க முடியலைன்னு நீங்களே வாய்விட்டுச் சொன்னா?"

"சொல்ல மாட்டேன். சொன்னா அடுத்த நாளே பகல் ஷிஃப்டுக்குப் போறேன்."

"சம்மதம்" என்றாள். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

என் திட்டம் சுலபம். பிள்ளைகளுக்கு வேண்டியது ஐஸ். ஐஸ் என் சாம்ராஜ்யம். வீட்டிலேயே குச்சி ஐஸ் செய்து காலை பதினோரு மணிக்கே தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சும்மா கொடுத்துவிட்டால், மதியம் வந்து மூடியைத் தட்டுகிறவரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

மறுநாள் காலை கம்பெனியில் மீன் வண்டிக்கு ஏற்றும்போது உடைந்து விழுந்த ஐஸை மரத்தூள் போட்டுக் கோணியில் கட்டி, சைக்கிளில் கொண்டுவந்தேன். தனக்கொடி மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையா பிள்ளைங்க வாயில வைக்கப் போறீங்க? வஞ்சிரம் வாடை அடிக்குது."

"இது வாயில வைக்கிறதுக்கு இல்லை. இது வெளியில. வாயில வைக்கிறது உள்ளே. விஞ்ஞானம்! தள்ளி நில்லு."

மரத் தொட்டியில் ஐஸை நொறுக்கிப் போட்டேன். மேலே கல் உப்பை அள்ளிக் கொட்டினேன்.

"உப்பு போட்டா ஐஸ் கரைஞ்சு போயிடுமே" என்றாள்.

"கரையணும்! கரையும்போது பக்கத்துல இருக்கிற சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கும். நடுவுல நாம வைக்கிற டம்ளர் சில்லிட்டு உறைஞ்சு போகும். கரையிறது, தான் அழிஞ்சு இன்னொண்ணை உருவாக்குது. குடும்பத் தலைவன் மாதிரி."

"தொட்டியைத் துளசிச் செடி மேல கவுத்துடாதீங்க குடும்பத் தலைவரே, பட்டுப் போயிடும்."

மாம்பழச் சாறு, அன்னாசிச் சாறு, பன்னீர் திராட்சைச் சாறு என்று பெரிய மார்க்கெட்டில் வாங்கிய பழங்களைப் பிழிந்து அலுமினிய டம்ளர்களில் ஊற்றி, உப்பு ஐஸுக்குள் கழுத்துவரை புதைத்தேன். குச்சிக்கு எங்கே போவது? புது விளக்குமாறு ஒன்று மூலையில் இருந்தது. ஈர்க்குச்சியை மும்மூன்றாகச் சேர்த்துக் கட்டி நட்டேன். டம்ளரைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கித் திருகியதும், ஐஸ் வழுக்கிக்கொண்டு வந்தது. மாம்பழ ஐஸ்! பொன்னைக் குச்சியில் குத்தியது போல இருந்தது.

பிள்ளைகள் தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தன. அஞ்சலாட்சியின் மூன்றும் வந்தன. பக்கத்துத் தெரு சொல்தா வீட்டுப் பேத்திகள் இரண்டு வந்தன. தாத்தா பிரான்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், வீட்டில் ஃபிரிஜிதேர் என்கிற குளிர்பெட்டி உண்டு. இருந்தும் அதுகள் இங்கே வரிசையில் நின்றன. ஃபிரிஜிதேருக்கு என் கைமணம் வருமா?

சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் குளிர்ந்துபோய்த் தூங்கின. தெய்வசிகாமணி வந்து டமார் டமார் என்று தட்டினாராம். யாரும் அசையவில்லையாம். 'தட்டினாராம்' என்று சொல்வதற்குக் காரணம், எனக்கு எதுவுமே கேட்கவில்லை. படுத்தவன் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்தேன். பிறந்ததிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. கன்னத்தில் பாயின் கோடுகள் மாலை போட்ட மாதிரி பதிந்திருந்தன.

"எப்படி?" என்றேன் தனக்கொடியிடம்.

அவள் ஏனோ சேலை மாற்றி, தலையில் பூவோடு இருந்தாள். "நல்லாத்தான் தூங்குனீங்க" என்றாள். முகத்தில் யோசனை. தோற்றவர்கள் யோசிப்பது இயல்பு என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை, நான் மாம்பழத் தோலைச் சீவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பழ ஐஸே தினமும் குடுத்தா எத்தனை நாளைக்குங்க? பசங்களுக்குச் சலிச்சிடும். சலிச்சா மறுபடி அவர் பெட்டிகிட்டதான் ஓடும்."

கத்தியைக் கீழே வைத்தேன். "அதுக்கு என்ன பண்றது?"

"எனக்கென்ன தெரியும், நான் படிக்காதவ" என்றாள். பெண்டாட்டி இப்படிச் சொன்னால் விவரம் தெரிந்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். நான் உட்கார்ந்திருந்தேன். "உங்க டீக்குக் கம்பெனியில அவ்வளவு பேராமே. அதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, சர்க்கரை போட்டு, திராட்சை ரெண்டு மிதக்க விட்டு உறைய வெச்சா எப்படி இருக்கும்னு நினைச்சேன். சரி விடுங்க. அந்தப் பக்குவமெல்லாம் ஐஸ்ல வராது. உங்களால முடியாது."

"யாரால முடியாது?"

"யாராலயும்தான்."

பன்னிரண்டு வருஷத்தில் அவள் என் டீயைப் புகழ்ந்தது அன்றுதான். ஒரு வாய் குடித்துப் பார்த்த அன்றைக்கு, "கதவுக்குப் பூசலாம்" என்று சொன்னவள் அவள். புகழ்ச்சி தலைக்கு ஏறியது. அடுப்பில் டீயும் ஏறியது. கம்பெனியில் எனக்குப் போடும் அதே டீ, அதே கைநிறையத் தூள். தூளைக் குறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கலைஞன் குறைக்க மாட்டான்.

சும்மா சொல்லக் கூடாது, அது ஐஸே அல்ல, ரத்தினம். தேன் நிறத்தில் கண்ணாடி. நடுவே கறுப்புத் திராட்சைகள் கண் விழித்துப் பார்த்தன. முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் என் டீயின் கசப்பு. பிள்ளைகள் ஒரு வாய் சப்பிவிட்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அப்புறம் சத்தமே இல்லை. சப்புகிற சத்தம்தான்.

"சிவப்பு ஐஸ் சூப்பர் பெரியப்பா!" என்றது அஞ்சலாட்சியின் மூத்தது.

தெய்வசிகாமணி அன்றும் வந்தார். ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அன்று அவர் போனதும் ஜன்னல் வழியாக வெறும் தெருவைப் பார்த்தேன். ஒரு யுத்தத்தில் ஜெயித்த தளபதியைப் போலப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

அப்போது தெருவில் ஒரு சத்தம் கேட்டது.

மூடியின் சத்தம் இல்லை. பிள்ளைகளின் சத்தம். ஒன்றுகூடத் தூங்கவில்லை! உச்சி வெயிலில் பாண்டி ஆடின. பச்சைக் குதிரை தாண்டின. தாண்டுவதற்கு ஆள் போதாமல் உள்ளே வந்து என் கட்டிலைத் தாண்டின. பலராமன் என் வயிற்றின் மேல் நின்று, "காலாப்பட்டு பஸ் போகுது, ரைட்! ரைட்!" என்றான்.

"தனம்! என்ன இது?"

"அதாங்க எனக்கும் புரியலை. உடம்புச் சூடா இருக்குமோ?"

"சூடேதான்!" என்றேன். "குளிர்ச்சி போதலை. நாளையிலேர்ந்து ஆளுக்கு ரெண்டு."

"ரெண்டுன்னா நல்லாவே கேட்கும்" என்று தலையாட்டினாள் தனக்கொடி.

ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். மறுநாள் தெருவில் பாண்டி இல்லை. திருவிழாதான் இருந்தது. சொல்தா வீட்டுப் பேத்திகள் எங்கள் ஓட்டின்மேல் ஏறிவிட்டன. அஞ்சலாட்சியின் நடுப்பிள்ளை, கேட்பார் யாருமில்லாமல், ஒன்றாம் வாய்ப்பாட்டிலிருந்து பதினாறாம் வாய்ப்பாடு வரை நிறுத்தாமல் சொன்னது. நான் காதில் பஞ்சு வைத்தேன். பஞ்சின் மேல் துண்டைக் கட்டினேன். துண்டின் மேல் தலையணையை வைத்தேன். மூச்சுதான் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

சாயந்திரம் அஞ்சலாட்சி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு என்னத்தைக் கொடுத்துத் தொலைத்தீர்கள், கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்பாள். ஐஸ் கொடுப்பதை நிறுத்திவிட ஒரு சாக்கு கிடைக்கும் என்று ஆவலோடு எழுந்து நின்றேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, நீங்க நல்லா இருக்கணும். மதியம் பூரா ஆடிட்டு, விளக்கு வெச்சதும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதுங்க அண்ணே! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பதான் நானும் எங்க வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசுறோம். ஐஸை மட்டும் நிறுத்திடாதீங்க."

"அஞ்சலை, எனக்குத் தூக்கம்..."

"தெரியும் அண்ணே. ராத்திரி வேலைக்காரர்னா பகல்ல இடி விழுந்தாலும் தூங்குவீங்க. அக்கா சொன்னாங்க."

அக்கா அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். முதுகு குலுங்கியது. வெங்காயத்தால் என்று நினைத்தேன்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகலில் தூக்கம் இல்லை. ராத்திரியில் வேலை. அடுப்பில் டீயை ஏற்றினால், அது கோபப்படும் முன்பே நான் கண்ணயர்ந்துவிடுவேன். ஒரு விடியற்காலையில் ஃபோர்மேன் இராமதாஸ் கம்பெனிக்குள் வந்தபோது, நான் ஒரு ஐஸ் பாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேனாம். என் கன்னம் அதில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். வெந்நீர் ஊற்றிப் பிரித்தார்கள். "ஐஸா உருகுது, இல்லை இவரா?" என்று மீன் வண்டிக்காரர்கள் பந்தயம் கட்டினார்கள்.

அன்று மதியமும் தூங்க முடியவில்லை. வெயில் கொளுத்தியது. கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்குமே என்று தொட்டியில் மிச்சமிருந்த டீ ஐஸ் இரண்டைச் சப்பிவிட்டுப் படுத்தேன். கண் மூடவில்லை. கூரையில் எத்தனை ஓடு என்று தெரிந்தது. எந்த ஓட்டில் எத்தனை பல்லி என்று தெரிந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. 'டி' எழுத்தில் தொடங்கும் பிரெஞ்சு வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. இந்த விழிப்பை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன்.

எங்கேயோ என்ன? தினமும் ராத்திரி கம்பெனியில் பார்ப்பதுதான்.

எழுந்து உட்கார்ந்தேன். ஊரிலேயே தூக்கத்தை விரட்டும் டீ என்னுடையது. அதையே உறைய வைத்து, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு ஊட்டிவிட்டு, ஏன் தூங்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

வெளியே போய், "இன்னியோட டீ ஐஸ் கிடையாது. மாம்பழம்தான்!" என்று அறிவித்தேன்.

உடனே வேம்பு தலைமையில் கோஷம் எழுந்தது. "வேண்டும் வேண்டும், சிவப்பு ஐஸ் வேண்டும்!" நானும் ஒரு காலத்தில் சங்கத்தில் கோஷம் போட்டவன். கோஷத்தின் முன்னால் முதலாளி எப்படி நிற்பான் என்று அன்றுதான் தெரிந்தது. பின்வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

தப்பிக்க வழியில்லாமல் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். வேம்பு வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நீ முழிச்சுத்தானே இருக்க? பாண்டிக்கு நடுவரா வாயேன்." போனேன். பலராமன் கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சத்தியம் செய்தான். நான் 'அவுட்' என்றேன். என்னைக் கடித்தான். அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து என்னையும் ஆட வைத்தன. நொண்டியடித்து மூன்றாம் கட்டத்தில் விழுந்தேன். தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. பகல் வெளிச்சத்தில் என் மகளுக்குப் பல் ஒன்று விழுந்திருப்பதைப் பார்த்தேன். அந்த ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. இதைத் தனக்கொடியிடம் சொல்லவில்லை. ஜன்னலில் நின்று அவளே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே! மறுநாள் காலை வேலை முடிந்ததும் நேரே ஃபோர்மேன் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, பகல்ல தூங்க முடியலை. என்னைப் பகல் ஷிஃப்டுக்கு மாத்திடுங்க."

இராமதாஸ் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ஆச்சரியத்தோடு தலையாட்டினார்.

"அந்தம்மா ரெண்டு வாரம்னு சொன்னாங்க. நீ அதுக்கு முன்னாடியே வந்துட்டியே முருகையா!"

"எந்தம்மா?"

"உங்க வீட்டம்மாதான். உன்னைப் பகலுக்கு மாத்தச் சொல்லி வந்து கேட்டாங்க. நானா மாத்தினா சங்கத்துல பிரச்சினை வரும், அவரே வாய்விட்டுக் கேட்கட்டும்மான்னேன். 'கேட்பாருண்ணே, இடத்தை மட்டும் வெச்சிருங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"அப்ப ராத்திரி வேலைக்கு ஆள்?"

"அதையும் அவங்களே அனுப்பிட்டாங்களே. வெளியில உட்கார்ந்திருக்கார், பாரு."

எட்டிப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட டின்னின்மேல், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணே" என்றார் மரியாதையாக எழுந்து நின்று. "வெயில்ல அலையிற பொழப்பு போச்சு, எல்லாம் உங்க வீட்டு அக்கா புண்ணியம். ராத்திரியில இங்க ரொம்ப அமைதியா இருக்குமாமே?"

சைக்கிளை மிதித்த வேகத்தில் செயின் இரண்டு முறை கழன்றது. வீட்டில் தனக்கொடி புது டிபன் கேரியரைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"தனம்! நீ கம்பெனிக்குப் போனியா?"

"போனேன்."

"ஃபோர்மேனைப் பார்த்தியா?"

"பார்த்தேன். தங்கமான மனுஷன். மோர் வாங்கிக் குடுத்தாரு."

"எனக்குத் தெரியாம எப்படிடி போன? எப்பப் போன?"

"உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னுதாங்க பார்த்தேன்" என்றாள் தனக்கொடி, கேரியரைத் துணியால் துடைத்துக்கொண்டே. "முதல் நாள் மாம்பழ ஐஸ் போட்டீங்களே, அன்னிக்கு மதியம். அப்படி அசந்து தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப மனசு வரலை."